முகத்தில் ஒட்டிய சுவிட்சர்லாந்து

சூப்பர் குளூ டியூபின் முதுகில் பொடி எழுத்தில் என்னவோ எழுதியிருப்பார்கள். அதைக் கடைசி வரி வரைக்கும் படித்த மனிதர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் படித்திருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். என்ன, கொஞ்சம் தாமதமாகப் படித்துவிட்டேன். (தாமதம் என்றால், ஒட்டிக்கொண்ட பிறகு.)

நான் ஏசி மெக்கானிக். ஊர் குளச்சல் பக்கம். குடியிருப்பது ஷார்ஜாவில், ரோலாவில். மனைவி ஸ்டெல்லா நர்ஸ். எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக்கில் அவளுக்கு வேலை. ஒரே மகள் நிஷா, அப்போது ஐந்தாம் வகுப்பு. நான் நல்லவன்தான். குடிப்பதில்லை, புகைப்பதில்லை. எனக்கிருக்கும் ஒரே வியாதி, கையில் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது. கேட்டால் 'சர்வீஸ் பண்ணுதேன்' என்பேன். நான் சர்வீஸ் செய்த பிறகு எங்கள் மிக்ஸி அரைப்பதை நிறுத்திவிட்டு சமையல் மேடையில் நடக்க ஆரம்பித்தது. ஸ்டெல்லா அதன் முன்னால் ஒரு அம்மிக்குழவியை அணை வைத்துத்தான் சட்னி அரைத்தாள்.

அந்த வருஷம் நிஷாவின் பள்ளியில் ஒரு கண்காட்சி. தலைப்பு, 'ஐம்பதுகளின் அதிசயங்கள்'. போன நூற்றாண்டின் நடுவில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த சாமான்கள், பொம்மைகள் எல்லாவற்றையும் பிள்ளைகள் தேடிக் கொண்டுவந்து வைத்து, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். ஒருத்திக்கு இடுப்பில் சுற்றும் வளையம் கிடைத்தது. ஒருவன் டிரான்சிஸ்டரைப் பிடித்துவிட்டான். இன்னொருவனுக்குப் படியில் தானாகவே இறங்கி வரும் கம்பிச்சுருள். யாருக்கு எது என்று பிரித்த அன்றைக்குப் பார்த்து என் மகள் காய்ச்சலில் லீவு. மறுநாள் போனபோது அவளுக்காக மிஞ்சியிருந்தது பால்பாயின்ட் பேனா.

"பேனாவைப் பாக்க யாருப்பா வருவாங்க?" என்று சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு அழுதாள்.

அவள் அழுவதைப் பார்த்ததும் எனக்கு மேல்மாடி ரத்தினம் அண்ணன் ஞாபகம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு டிரேடிங் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். மனைவியும் பிள்ளைகளும் கனடாவில், இவர் இங்கே தனியாக. அவருடைய ஃபிளாட்டில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் கறுப்பாக, பைனாகுலர் மாதிரி ஒரு பெட்டி. கண்ணில் வைத்து வெளிச்சத்தைப் பார்த்தால் உள்ளே படம் தெரியும். அதுவும் சும்மா படமில்லை, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல முன்னால் வந்து நிற்கும் என்பார். பக்கத்திலிருக்கும் விசையைத் தட்டினால் வட்டத்தட்டு சுற்றி அடுத்த படம் வரும். அவருடைய அப்பா ஐம்பதுகளில் கொழும்பில் வேலை பார்த்தபோது வாங்கியது. அந்த அலமாரியை அவர் யாருக்கும் திறந்து நான் பார்த்ததில்லை.

போய்க் கேட்டேன். "அண்ணே, பிள்ளைக்கு ஸ்கூல்ல கேட்டிருக்காவ. ஒரு நாளைக்குத் தந்தா போதும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். (கட்டடம் முழுக்க மிக்ஸி கதை பரவியிருந்தது.)

"பிள்ளைக்கெண்டு கேக்கிறீர். எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?" என்றார். "ஆனா ஒண்டு. பிள்ளை இதை ஸ்கூல் பஸ்ஸில கொண்டுபோகக் கூடாது. நீர் உம்மட கையால கொண்டுபோய்க் குடுக்கோணும். துறக்கக் கூடாது. துடைக்கவும் கூடாது. கையை விட்டு இறக்கவே கூடாது. விளங்குதோ?"

விளங்கியது. அந்தக் கடைசி நிபந்தனையை நான் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கண்காட்சியன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். நிஷா காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டாள். ஸ்டெல்லாவுக்கு டியூட்டி. பிற்பகலில்தான் கண்காட்சி, நான் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு போனால் போதும். மேஜை மேல் பெட்டி. எதிரில் நான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். சுவிட்சர்லாந்து. பனிமலை. அற்புதம். ஆனால் வலது கண்ணில் ஒரு தூசி. மலை உச்சிக்குப் பக்கத்தில் ஒரு காக்கா உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நிஷா விளக்கம் சொல்லும்போது யாராவது 'அது என்ன காக்கா?' என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்வாள்? பொறுப்புள்ள தகப்பன் இதை யோசிக்க வேண்டாமா? யோசித்தேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு சிப்பிகள் மாதிரி கவ்விக்கொண்டிருந்தன. மெதுவாக நெம்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பெட்டி திறந்தது. கூடவே, இரண்டு சிப்பிகளையும் கவ்விப் பிடித்திருந்த கொக்கி உடைந்து தரையில் விழுந்தது. உள்ளே ஊதினேன், காக்கா பறந்துவிட்டது. மூடினேன். மூடவில்லை. கையை எடுத்தால் பெட்டி வாயைப் பிளந்தது.

அந்த நேரத்தில் என் நெஞ்சுக்குள் ஓடிய ஜெபங்களை எழுதினால் எங்கள் பங்குச் சாமியாரே சந்தோஷப்படுவார். பிறகு, டூல்ஸ் பையில் சூப்பர் குளூ இருப்பது ஞாபகம் வந்தது. (அதுவும் ஐம்பதுகளின் அதிசயம்தான் என்று பின்னால் நிஷா சொல்லித்தான் தெரியும். அதையே கொடுத்தனுப்பியிருக்கலாம்.)

விளிம்பு முழுக்கத் தாராளமாகப் பூசினேன். எதையுமே கஞ்சத்தனமாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. இரண்டு பாதியையும் சேர்த்து அமுக்கினேன். அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. இரண்டு பாதியும் நேராக உட்காராவிட்டால் இரண்டு கண்ணுக்கும் படம் ஒன்றாகச் சேராதே? குளூ காய்வதற்குள் சரிபார்த்துவிட வேண்டும். சட்டென்று கண்ணில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தேன். படம் கொஞ்சம் விலகியிருந்தது. முகத்தோடு வைத்து அழுத்தி, வலது கையால் விசைப் பக்கத்தை லேசாக நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம். இதோ. இரண்டு பனிமலையும் வழுக்கிக்கொண்டு வந்து ஒரே மலையாகிவிட்டது. 'ஏலே அருளு, நீ மெக்கானிக் இல்ல, இன்ஜினியர்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெட்டியை இறக்கினேன்.

பெட்டி இறங்கவில்லை. என் தலைதான் இறங்கியது.

விளிம்பிலிருந்து பிதுங்கி வந்த குளூ என் இடது புருவத்தையும் மூக்குத் தண்டையும் பெட்டியோடு சேர்த்துவிட்டது. வலது ஆள்காட்டி விரல் விசையோடு போய்விட்டது. இழுத்துப் பார்த்தேன். கண்ணில் நட்சத்திரம் தெரிந்தது, சுவிட்சர்லாந்துக்கு மேலேயே. பதறி விரலை அசைத்தேன். 'கிளிக்'. பனிமலை போய் ரயில் வந்தது.

ஸ்டெல்லாவைக் கூப்பிடலாம் என்று இடது கையால் தடவி போனை எடுத்தேன். அது முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினேன். என் முகத்தை அது ஒத்துக்கொள்ளவில்லை. குற்றம் சொல்ல முடியாது, அந்த நிலையில் பெத்த அம்மாவும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். விரலையாவது வை என்றது. பதிவு செய்திருந்த விரல் விசையில் இருந்தது. இடது கையால் நம்பர் போட்டுப் பார்க்கலாமென்றால், எனக்குத் தெரிந்ததெல்லாம் பாலத்தின் மேல் போகும் ஒரு ரயில்.

நேரில் போவதைத் தவிர வேறு வழியில்லை. பெட்டியின் அடிவிளிம்புக்குக் கீழே என் கால் விரல்கள் மட்டும் தெரிந்தன. அவற்றை நம்பிக் கிளம்பினேன். சுவரைத் தடவி லிஃப்டுக்குப் போனேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே நுழைந்தேன்.

"ஆர், அருளோ?"

ரத்தினம் அண்ணன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார். என் உயிர் லிஃப்டுக்கு முன்னால் கீழே போய்விட்டது. எல்லாம் முடிந்தது, காலில் விழுந்துவிட வேண்டியதுதான், காலும் எனக்கு நன்றாகத் தெரிகிறது என்று நினைத்த நேரத்தில் அவர் குரல் தழுதழுத்தது.

"நான் நினைச்சனான்! ஆள் வைச்ச கண் எடுக்காமப் பாக்குது! லிஃப்டுக்குள்ளயும் விடேல்லை!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெதுவாகத்தான் புரிந்தது. பெட்டியைக் கீழே வைக்க மனமில்லாமல் நான் ரசித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார்.

"எந்தப் படம் போகுது?"

"ரயிலு, அண்ணே."

"ஆ, ரயிலோ! அந்த மூண்டாவது பெட்டி ஜன்னலில ஒரு மனுசி தொப்பியோட இருக்கிறா, கண்டீரோ? எல்லாருக்கும் அது தெரியாது."

பார்த்தேன். சத்தியமாக இருந்தாள். சொன்னேன். அவருக்கு வந்த சந்தோஷம் அவர் மூச்சில் கேட்டது.

"போன வருசம் கனடாவில இருந்து பேரப்பிள்ளையள் வந்தவை. ஆசையாக் குடுத்தன். ஒருக்காக் கிளிக் பண்ணிப்போட்டு, 'தட்ஸ் ஆல்?' எண்டு கேட்டுப்போட்டு போனை எடுத்திட்டினம். நீர் ஒரு ஆள்தான் தம்பி... சரி, எங்க போறீர்?"

இந்த வார்த்தைக்குப் பிறகு எந்த மனுஷனால் உண்மையைச் சொல்ல முடியும்? "ஸ்டெல்லாவுக்கும் ஒரு தடவ காட்டலாம்னு... கிளினிக்குக்கு" என்றேன்.

"நானும் அந்தப் பக்கம்தான். படம் பாத்துக்கொண்டு நடந்தா விழுந்திடுவீர். வாரும்." என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்படியாக, பெட்டியின் சொந்தக்காரரே என்னைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போக, நான் ரோலா வழியாக நடந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. வெயில் பட்டதும் சுவிட்சர்லாந்து ஜொலித்தது. உடம்பெல்லாம் வேர்வை ஊற்ற, கண்ணுக்கு முன்னால் பனி கொட்டிக் கிடந்தது. "இப்ப தட்டும், ஏரி வரும்," என்பார். தட்டுவேன், ஏரி வரும். ஏரிக்கரையில் நிற்கும் படகின் நிறத்தைப் பற்றி அவர் விளக்கும்போது யாரோ ஒருவர் மேல் இடித்தேன். "தேக் கே சலோ பாய்!" என்று ஒரு குரல் கத்தியது. பார்த்து நடக்கச் சொல்கிறார். நான் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன், தப்பான நாட்டை. ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வரிசையில் நின்றவர்கள் சிரிப்பது கேட்டது. ரோட்டைக் கடக்கும்போது ஒரு டாக்ஸி விடாமல் ஹாரன் அடித்தது. "பொறும், பொறும், அவன் போகட்டும். நீர் ஏரியைப் பாரும்," என்றார் அண்ணன்.

கிளினிக் வாசலில் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நம்பினேன். "ஸ்டெல்லா பாத்திட்டு என்ன சொல்லுறா எண்டு நானும் கேக்கோணும்" என்று அவரும் உள்ளே வந்தார்.

காத்திருக்கும் அறை நிரம்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருமல்களை வைத்துக் கணக்கிட்டேன். ரிசப்ஷனில் இருந்த மலையாளப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "சேட்டா, ஸ்டெல்லா சிஸ்டர் உள்ளே இஞ்செக்‌ஷன் கொடுக்குகயா, இரிக்கு," என்றாள். ஒரு நாற்காலியைத் தடவி உட்கார்ந்தேன். அப்போது என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி சின்ன ரோஸ் நிறச் செருப்புகள் வந்து நின்றன.

"அங்கிள், முஜே பி தேக்னா ஹை."

ஒரு சின்னப் பெண். தனக்கும் பார்க்க வேண்டுமாம். நான் கேட்காதது போல இருந்தேன். "அங்கிள், ப்ளீஸ்" என்றாள். தலையை வேறு பக்கம் திருப்பினேன். குழந்தை விசும்பி அழ ஆரம்பித்தது. "பாய் சாப், பச்சி பீமார் ஹை, ஏக் பார் தே தோ நா," என்று அதன் அம்மா கெஞ்சினாள். காய்ச்சல்காரப் பிள்ளை, ஒரு தடவை கொடுத்தால் என்ன என்கிறாள். அறையில் இருமல்கள் நின்றன. மொத்தக் கூட்டமும் என்னைப் பார்ப்பது தோலில் உறைத்தது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு ஒரு பொம்மையைக் கொடுக்காமல் தானே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நடுத்தர வயது ஆண்பிள்ளை. என்னை நானே அறைந்திருப்பேன், கை ஓய்வாக இருந்திருந்தால்.

"அருள்! என்ன இது? அந்தப் பிள்ளைக்கு ஒருக்காக் குடுமன்!" ரத்தினம் அண்ணன் குரலில் முதல்முறையாகக் கோபம்.

"முடியாதுண்ணே..."

"முடியாதோ? என்ர சாமான், நான் சொல்லுறன் குடும் எண்டு!" சொல்லிக்கொண்டே பெட்டியைப் பிடித்து இழுத்தார்.

நான் போட்ட சத்தத்தில் உள்ளே இஞ்செக்‌ஷனுக்கு உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து ஓடிவிட்டதாக ஸ்டெல்லா பிறகு சொன்னாள். பெட்டியோடு நானும் நாற்காலியைவிட்டு எழுந்து, அண்ணனின் நெஞ்சில் போய் மோதினேன். அழுதுகொண்டிருந்த குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

ஸ்டெல்லா ஓடி வந்தாள். "ஏங்க! என்ன கோலம் இது? மொகத்துல என்னத்த மாட்டிக்கிட்டு வந்திருக்கிய?"

"மாட்டல, ஸ்டெல்லா. ஒட்டிட்டு."

"எதுல ஒட்டிட்டு?"

"சூப்பர் குளூ."

 உடனே அவளுடைய டியூட்டிக் குரல் வந்தது. "கண்ண மூடித் தொறங்க. இமை ஒட்டியிருக்கா?"

"இல்ல."

"எரியுதா?"

"இல்ல."

"இப்ப கண்ணுக்கு என்ன தெரியுது?"

"பசுமாடு. கழுத்துல மணி கெட்டிருக்கு."

அதோடு அவளுடைய டியூட்டிக் குரல் உடைந்தது. சிரித்துச் சிரித்து அவள் மூச்சுத் திணறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பசுமாட்டைப் பார்த்து நின்றேன். மாடு ஒன்றுதான் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணுக்கு ஆபத்தில்லை. விரலுக்கு ரிசப்ஷன் பெண்ணின் கைப்பையிலிருந்த நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் போதும். மூக்குத் தண்டு வெந்நீருக்கும் சோப்புக்கும் இளகிவிடும். புருவம்தான் பிரச்சினை. கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் மருந்து எதையும் ஊற்ற முடியாது. ஒன்று பெட்டியின் விளிம்பை அறுக்க வேண்டும், அல்லது புருவத்தைச் சிரைக்க வேண்டும்.

 அதற்குள் உடைத்தது, ஒட்டியது எல்லாவற்றையும் ரத்தினம் அண்ணனிடம் நான் சொல்லி முடித்திருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாதது அந்த நேரத்தில் பெரிய உபகாரமாக இருந்தது.

"ரோட்டில வரேக்க ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"நீங்க அவ்வளவு சந்தோசமா சொல்லிக்கிட்டு வந்திய அண்ணே. எப்பிடிச் சொல்லுதது?"

 அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு டாக்டரம்மாவிடம் திரும்பினார். "டாக்டர், பெட்டியில கத்தி படக் கூடாது. புருவம் திரும்ப முளைக்கும். பெட்டி முளைக்குமோ?"

"சரியாச் சொன்னிய அண்ணே," என்றாள் ஸ்டெல்லா, நான் தாலி கட்டியவள்.

சிரைத்தார்கள். உலகம் திரும்ப வந்தது. முதலில் தெரிந்தது ரத்தினம் அண்ணன் முகம்தான். அதில் கோபத்தைத் தேடினேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று தடவை அமுக்கிப் பார்த்தார். "முந்தியைவிட இறுக்கமா நிக்குது," என்றார். விளிம்பில் என் இடது புருவம் ஒரு முடிகூடக் குறையாமல் வளைவாக ஒட்டியிருந்தது. சோப்புக்கும் அசையவில்லை. கண்காட்சிக்கோ நேரமாகிவிட்டது.

இந்த முறை அண்ணன் என்னை நம்பவில்லை. ஆபீசுக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டுத் தானே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் வந்தார். பால்பாயின்ட் பேனாவோடு சோகமாக நின்றுகொண்டிருந்த நிஷா, பெட்டியைப் பார்த்து ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "அப்பா, உங்க ஐப்ரோ எங்கே?" நான் பெட்டியைக் காட்டினேன். பிள்ளை சாமர்த்தியசாலி. "ஏன் இதில் முடி இருக்கிறது?" என்று டீச்சர் கேட்டபோது, கண்ணுக்கு மெத்தென்று இருப்பதற்காக அந்தக் காலத்தில் ஃபர் வைத்துச் செய்வார்கள் என்று முகம் மாறாமல் சொன்னாள்.

அன்றைக்கு வளையத்தையும் கம்பிச்சுருளையும் விட்டுவிட்டுப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றது ரத்தினம் அண்ணன் முன்னால்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தொப்பிக்கார மனுசியைக் காட்டினார். பார்த்தவர்கள் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். திரும்பி வரும்போது டாக்ஸியில் அவர் பேசிய பேச்சில் டிரைவருக்கு வழி தவறிவிட்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். மறுவாரம் என் விசா புதுப்பிக்கும் முறை வந்தது. எமிரேட்ஸ் ஐடி என்ற அடையாள அட்டைக்குப் புதுப் போட்டோ எடுக்க வரச்சொன்னார்கள். ஒற்றைப் புருவத்தோடு போக முடியுமா? ஸ்டெல்லா தன்னுடைய மைப் பென்சிலால் இன்னொன்றை வரைந்துவிட்டாள். ஊசி போடுவதில் அவள் கை நடுங்காது, கோடு போடுவதில் நடுங்கும். வரைந்த புருவம் மற்றதைவிட நன்றாக மேலே ஏறிவிட்டது. போட்டோ எடுத்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "நார்மல் ஃபேஸ், ப்ளீஸ்," என்று பலமுறை சொல்லிவிட்டுக் கடைசியில் அலுத்துப்போய்க் கிளிக் செய்துவிட்டாள். அந்த அட்டையில் நான், யாரோ காதுக்குப் பக்கத்தில் பட்டாசு வெடித்தது போல இருக்கிறேன்.

புருவம் முளைத்துவிட்டது. அட்டை இன்னும் காலாவதியாகவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் விமான நிலையத்தில் முகத்தை அட்டைப் படத்தோடு ஒப்பிட்டுத் திறக்கும் அந்தத் தானியங்கிக் கதவு எனக்குத் திறப்பதில்லை. உண்மையோ பிரமையோ, இடது புருவத்தை நன்றாக மேலே தூக்கிக் கண்ணை விரித்து நின்றால் திறந்துவிடுகிறது. முன்னாலேயே தாண்டிப்போன ஸ்டெல்லா அந்தப் பக்கம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இப்போது என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட நிஷா, எனக்குப் பின்னால் வரிசையில் நின்றபடி மொத்த விமான நிலையத்துக்கும் கேட்கக் கத்துவாள்:

"அப்பா, ஆச்சரியப்படுங்க!"